பிரிட்டிஷ் ரேஞ்சர் பிரிகேட்: பட்டாலியனுக்கு 250 பேரை வைத்துக்கொண்டு என்ன பெருமை?

வேலூர்க்காரன்:
நேற்று இன்னொரு இழையில் லண்டன் செல்வா "பிரிட்டன் 2021இல் இன்னொரு எஸ்ஏஎஸ்ஸையே உருவாக்கிவிட்டது, மற்ற நாடுகள் எல்லாம் வேடிக்கை பார்க்கின்றன" என்று எழுதியிருந்தார். எஸ்ஏஎஸ் என்பது பிரிட்டனின் புகழ்பெற்ற சிறப்புப் படை. அவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் தனி இழையாகவே போடுகிறேன். நடந்தது இதுதான். 2017இல் ஸ்பெஷலைஸ்டு இன்ஃபன்ட்ரி குரூப் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்குள் ஒவ்வொன்றாக நான்கு காலாட்படைப் பட்டாலியன்களைக் கொண்டுவந்து, ஆட்களைக் குறைத்து, வெளிநாட்டுப் படைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் விட்டார்கள். 2021இல் அதே குரூப்புக்கு ஆர்மி ஸ்பெஷல் ஆபரேஷன்ஸ் பிரிகேட் என்று பெயர்ப்பலகை மாறியது. டிசம்பர் 1ஆம் தேதி அதே நான்கு பட்டாலியன்கள் ரேஞ்சர் ரெஜிமென்ட் ஆகிவிட்டன. ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் 1 ரேஞ்சர், பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ் ரெஜிமென்ட்டின் இரண்டாவது 2 ரேஞ்சர், லங்காஸ்டர் ரெஜிமென்ட்டின் இரண்டாவது 3 ரேஞ்சர், ரைஃபிள்ஸ் ரெஜிமென்ட்டின் நான்காவது 4 ரேஞ்சர். ஒவ்வொன்றிலும் சுமார் 250 பேர். இரண்டு கம்பெனிக்கு (பட்டாலியனின் உட்பிரிவு) வேண்டிய ஆள். இதுவா இன்னொரு எஸ்ஏஎஸ்?

லண்டன் செல்வா:
என் பெயரைப் போட்டு இழை திறந்ததற்கு நன்றி. 250 என்பது குறை இல்லை ஐயா, அப்படித்தான் வடிவமைத்தார்கள். இந்தப் படையின் வேலை அரணைத் தாக்கிப் பிடிப்பது அல்ல. கூட்டாளி நாட்டின் படைக்குப் பயிற்சி கொடுப்பது, ஆலோசனை சொல்வது, தேவைப்பட்டால் அவர்களோடு சண்டைக் களத்துக்கே போவது. அதற்கு அனுபவம் உள்ள சார்ஜென்ட்டும் கேப்டனும்தான் வேண்டும், நேற்றுச் சேர்ந்த சிப்பாய்கள் ஐந்நூறு பேர் வேண்டாம். அமெரிக்காவின் கிரீன் பெரே படை 1952இலிருந்து இதைத்தான் செய்கிறது, அவர்களுடைய அடிப்படை அணியே 12 பேர்தான். ரேஞ்சருக்கு நான்கு ஆண்டுகளில் 120 மில்லியன் பவுண்ட் ஒதுக்கினார்கள். வெறும் பெயர்ப்பலகைக்கு யாராவது இவ்வளவு பணம் கொடுப்பார்களா?

வேலூர்க்காரன்:
சரி, வடிவமைப்பு என்றே வைத்துக்கொள்வோம். 2021 மார்ச் 22 வெள்ளை அறிக்கையில் இந்தப் பிரிகேட் மட்டுமா வந்தது? 82,000 பேர் கொண்ட ராணுவத்தை 72,500ஆகக் குறைக்கிறோம் என்பதும் அதே அறிக்கையில்தான் இருந்தது. மெர்சியன் ரெஜிமென்ட்டின் இரண்டு பட்டாலியனையும் ஒன்றாக்கியதும் அதே திட்டம்தான். ஆள் குறைகிற அதே நாளில், ஆள் குறைவாக இருப்பதுதான் சிறப்பு என்று ஒரு படை பிறக்கிறது. இது உங்களுக்குத் தற்செயலாகத் தெரிகிறதா? 250 பேர், தம்பி. சாதாரண லைட் இன்ஃபன்ட்ரி (இலகு காலாட்படை) பட்டாலியன் ஐந்நூறைத் தாண்டும்.

கோமதி எஸ்:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஸ்பெஷல் ஃபோர்சஸ் வேறு, ஸ்பெஷல் ஆபரேஷன்ஸ் பிரிகேட் வேறு. எஸ்ஏஎஸ், கடற்படையின் எஸ்பிஎஸ், 2005இல் வந்த ரீகானசன்ஸ் (வேவு) ரெஜிமென்ட், 2006இல் வந்த சப்போர்ட் குரூப் எல்லாம் டைரக்டர் ஸ்பெஷல் ஃபோர்சஸின் கீழ் வருபவை, அவற்றைப் பற்றி அரசு வாய் திறக்காது. ரேஞ்சர்கள் அங்கே இல்லை. அவர்கள் ராணுவத்தின் சாதாரண கட்டளை வரிசையில், 6வது டிவிஷனின் (பல பிரிகேட்கள் சேர்ந்த அமைப்பு) கீழ் வந்தவர்கள். அதற்கும் கீழே, ஆபத்து குறைந்த இடங்களில் பயிற்சி மட்டும் கொடுக்க 11வது பிரிகேட் அப்போது தனியாக இருந்தது. மூன்று அடுக்கு. எந்த அடுக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும்.

வேலூர்க்காரன்:
அடுக்கு எல்லாம் இருக்கட்டும் அம்மா. எந்த அடுக்கில் வைத்தாலும் 250 பேர் 250 பேர்தான்.

பாரா மணி:
இந்த வெள்ளைக்காரப் புராணத்தை எத்தனை நாள் கேட்பது? 1971இல் நம் பாராசூட் படையின் 10 பாரா கமாண்டோ ராஜஸ்தான் எல்லையைத் தாண்டி பாகிஸ்தானின் சாச்ரோவை அடித்தபோது எந்த வெள்ளை அறிக்கையும் வரவில்லை, 120 மில்லியனும் வரவில்லை. தலைமை தாங்கிய பவானி சிங்குக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள், அதோடு சரி. அதே டிசம்பர் 11ஆம் தேதி 2 பாரா இன்றைய வங்கதேசத்தின் டாங்கைலில் பாராசூட்டில் குதித்தது. பாரா வீரனின் மெரூன் தொப்பி சும்மா கிடைப்பது இல்லை.

லண்டன் செல்வா:
மணி, இங்கே பிரிட்டிஷ் பிரிகேட்டின் அமைப்பைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் நீங்கள் ஆரம்பித்துவிட்டதால் கேட்கிறேன்: கமாண்டோ பட்டாலியனை 1966இலேயே எழுப்பிய நாடு, முப்படைச் சிறப்பு அணிகளையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவர 2019 வரை ஏன் காத்திருந்தது? அதுவும் ஒரு மேஜர் ஜெனரலுக்குக் கீழே ஒரு டிவிஷன் என்ற அளவில். வீரம் உங்களிடம் நிறைய இருக்கிறது, ஒருங்கிணைப்பைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

பாரா மணி:
போன மாதம் கூர்க்கா இழையிலும் இதே தொனிதான். அங்கேயும் "உங்களிடம் வீரம், எங்களிடம் அமைப்பு" என்றீர்கள். எங்களிடம் என்றால் யாரிடம்? நீங்கள் எப்போது சாண்ட்ஹர்ஸ்ட் (பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக் கல்லூரி) போனீர்கள்?

லண்டன் செல்வா:
கூர்க்கா இழையில் நான் சொன்னது வேறு. 2020இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் நேபாள வீரர் படையான ராயல் கூர்க்கா ரைஃபிள்ஸின் 3வது பட்டாலியனை மறுபடி எழுப்பியதே இந்த ஸ்பெஷலைஸ்டு இன்ஃபன்ட்ரி வேலைக்காகத்தான் என்றேன். நீங்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டீர்கள். பழைய கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம்.

வேலூர்க்காரன்:
கூர்க்காவை விடுங்கள். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒரு ரேஞ்சர் பட்டாலியன் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, ஒன்று கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு, ஒன்று கிழக்கு ஐரோப்பாவுக்கு, ஒன்று மத்திய கிழக்குக்கு என்று பிரித்திருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பரப்பு எவ்வளவு, எத்தனை நாடுகள், எத்தனை மொழிகள்? அதற்கு 250 பேர். அதிலும் எப்போதும் ஒரு பகுதி விடுமுறையில், ஒரு பகுதி பயிற்சியில், ஒரு பகுதி அலுவலக வேலையில் இருக்கும். எந்த ராணுவத்திலும் பொதுவாக மூன்றில் ஒரு பங்கைத்தான் ஒரே நேரத்தில் வெளியே அனுப்ப முடியும். கணக்குப் போடுங்கள், எண்பது பேர். எண்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு கண்டத்தின் பாதிக்குக் கூட்டாளி என்கிறார்கள். என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட், பட்டாலியன் என்றால் என்ன என்பதைச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்தவர். எனக்கு வடிவமைப்புப் பாடம் வேண்டாம்.

லண்டன் செல்வா:
உங்கள் அப்பாவுக்கு வணக்கம். ஆனால் எண்பது பேர் போதும் என்பதைத்தான் உக்ரைன் காட்டியது. 2022 ஜனவரியில் இரண்டாயிரம் என்லா டாங்கி எதிர்ப்பு ஆயுதங்களோடு இந்தப் பிரிகேட்டிலிருந்து போனவர்கள் சுமார் முப்பது பேர் என்றுதான் செய்தியில் வந்தது. முப்பதே பேர்! அவர்கள் சொல்லிக்கொடுத்ததை வைத்து உக்ரைன்காரன் கீவ் வாசலில் ரஷ்ய டாங்கிகளை எப்படி எரித்தான் என்று உலகமே பார்த்தது. ஒருவன் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பான், அந்தப் பத்துப் பேர் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். தலையை எண்ணுவதை நிறுத்துங்கள்.

வேலூர்க்காரன்:
நீங்களே வந்து மாட்டிக்கொண்டீர்கள். மேலே என்ன எழுதினீர்கள்? "அவர்களோடு சண்டைக் களத்துக்கே போவது" என்றுதானே? போர் தொடங்கியது பிப்ரவரி 24. பிரிட்டிஷ் பயிற்சியாளர்கள் எல்லாரும் அந்த வாரக் கடைசிக்குள் கிளம்புகிறார்கள் என்று அமைச்சர் ஜேம்ஸ் ஹீப்பி சொன்னது பிப்ரவரி 12. களத்தில் கூட நிற்பதுதான் இந்தப் பிரிகேட்டின் தனிச்சிறப்பு என்றால், களம் வந்தபோது ஏன் நிற்கவில்லை? சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்புவதற்குத்தான் 11வது பிரிகேட் இருந்ததே, கோமதி அம்மா சொன்னாரே.

லண்டன் செல்வா:
அது அரசியல் முடிவு. அணுகுண்டு வைத்திருக்கும் நாட்டோடு நேரடியாக மோத எந்தப் பிரதமரும் தன் சிப்பாயை நிறுத்திவைக்கமாட்டார். அதற்குப் பிரிகேட் என்ன செய்யும்? அமெரிக்கனும்தான் அந்த வாரம் தன் பயிற்சியாளர்களை வெளியே எடுத்தான். இதை வைத்து அமைப்பைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

கோமதி எஸ்:
கூட நிற்பது என்றால் எதுவரை, யார் அனுமதியோடு என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. என் முந்தைய பதிவை ஒருவராவது முழுதாகப் படித்தீர்களா?

பாரா மணி:
படித்தேன். அதில் இந்தியா எங்கும் இல்லை.

சாம்பல்தொப்பி:
ரேஞ்சர்களின் அந்த கன்மெட்டல் சாம்பல் நிறத் தொப்பியும் வல்லூறுச் சின்னமும் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனால்தான் இந்தப் பெயரையே வைத்துக்கொண்டேன். ரேஞ்சர் என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் ராபர்ட் ராஜர்ஸ் நடத்திய படையிலிருந்து எடுத்தது. முதலில் நான்கு பட்டாலியனின் ஆட்களை வைத்து ஆரம்பித்தாலும், பிறகு ராணுவத்தின் எந்தப் பிரிவிலிருந்தும் தேர்வு எழுதி உள்ளே வரலாம் என்று திறந்துவிட்டார்கள். பொறியாளர், சிக்னல்காரர், மருத்துவ உதவியாளர் எல்லாருக்கும் வாய்ப்பு. இதை வேலூர்க்காரர் தொடவே இல்லை.

வேலூர்க்காரன்:
தேர்வு வைத்துப் புதிதாக ஆள் எடுத்துப் படையைக் கட்டியிருந்தால் நானே முதல் ஆளாகப் பாராட்டியிருப்பேன். முதலில் பட்டாலியன்களை அப்படியே பெயர் மாற்றிவிட்டு, அப்புறம்தான் தேர்வு. எஸ்ஏஎஸ் அப்படியா வந்தது? அதை நிறுவிய டேவிட் ஸ்டிர்லிங் 1941இல் எகிப்தில் ஆளைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் படை. வல்லூறுச் சின்னத்தைக் குத்திக்கொண்டால் வல்லூறு ஆகிவிட முடியாது தம்பி.

சாம்பல்தொப்பி:
நான் உங்களுக்குத் தம்பி இல்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. செல்வாவையும் அப்படித்தான் அழைத்தீர்கள். வாதத்தில் பதில் இல்லாதபோதெல்லாம் வயதைக் கொண்டுவருவது உங்கள் பழக்கம், நீர்மூழ்கி இழையிலேயே பார்த்தேன்.

வேலூர்க்காரன்:
நீர்மூழ்கி இழையில் நான் கேட்ட கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை, அதையும் சேர்த்தே நினைவுபடுத்துகிறேன். வயது எதுவாக இருந்தாலும் நான்கு பட்டாலியனையும் கூட்டினால் வருவது ஆயிரம் பேர். ஆயிரம் பேரை ஒரு பிரிகேடியருக்குக் கீழே, இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட்டில் ஒரு தலைமையகத்தோடு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஆயிரம் பேர் என்றால் ஒரு கர்னல் பார்த்துக்கொள்வார்.

லண்டன் செல்வா:
கர்னல் பார்த்துக்கொள்வார் என்பவருக்கு மூன்று கண்டச் சிக்கலை விளக்கி என்ன பயன்? ஒரே நேரத்தில் பத்து நாட்டுத் தூதரகங்களோடும் அந்த நாட்டுத் தளபதிகளோடும் பேச வேண்டிய தலைமையகம் அது. தலை எண்ணிக்கைக்கு ஏற்ப பதவி கொடுக்கும் காலம் போய்விட்டது. நான் இந்த இழையில் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வேலூர்க்காரன்:
போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள், மறுநாள் காலையில் மூன்று பதிவு போட்டீர்கள். போவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று: மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் பிரச்சினை, அதே வாரம் பக்கத்து நாட்டிலும் பிரச்சினை என்றால் அந்த 250 பேரில் எத்தனை பேரை எங்கே அனுப்புவீர்கள்?

லண்டன் செல்வா:
மறுபடியும் 250! வடிவமைப்பு என்று எத்தனை தடவை எழுதுவது?

பாரா மணி:
மெரூன் தொப்பி பற்றி நான் எழுதியதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.