பஞ்சரத்னத்துல கடைசி வரிசைல உக்காந்தவங்க யாராவது இருக்கீங்களா? (கிளீவ்லாண்ட், திருவையாறு, உங்க ஊர், எதுவானாலும்)

வராளிபயம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு போயிட்டு இருந்தவ, இப்பதான் மொத தடவையா எழுதறேன், தப்பா இருந்தா மன்னிக்கணும்.

இந்த வருஷம் ஈஸ்டர் வாரக்கடைசிக்கு அமெரிக்கால கிளீவ்லாண்ட்ல நடக்கற தியாகராஜ ஆராதனைக்கு போலாம்னு இருக்கோம், பதினோரு வருஷம் கழிச்சு. நான் பாட்டுக்காரி எல்லாம் இல்லீங்க, பகல்ல ஒரு பல் டாக்டர் ஆபீஸ்ல பில்லிங் பாக்கறேன், சாயங்காலம் கிச்சன்ல பாடறேன், அவ்ளோதான் நம்ம சங்கீதம். ஆனா கல்யாணமாகி இங்க வந்த புதுசுல தொடர்ந்து நாலு வருஷம் போனேன், அதுல ரெண்டாவது வருஷம் நடந்தது இன்னும் அப்படியே இருக்கு மனசுல. பஞ்சரத்னம் (தியாகராஜரோட அஞ்சு கிருதி, எல்லாரும் சேந்து பாடறது; நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு ராகத்து பேராலயே சொல்லுவோம்) பாட உக்காந்தாச்சு, பக்கத்துல ஒரு அம்மா வந்து உக்காந்தாங்க, அரக்கு பட்டுப்புடவை, மேல சாம்பல் கலர் ஸ்வெட்டர், கால்ல கம்பளி சாக்ஸ். பாத்தா எங்கம்மா தேய தேய போட்டு கேட்ட கேசட்டோட அட்டைல இருந்த முகம்! எனக்கு நாட்டை முழுக்க குரலே வரல. கௌளைல சரணம் மாறி போச்சு, எல்லாரும் மூணாவதுல இருக்க நான் மட்டும் தைரியமா நாலாவதுக்கு போயிட்டேன். அவங்க என்னை திரும்பி கூட பாக்கல, தாளம் போட்டுட்டு இருந்த கைய அடுத்த ஆவர்த்தனம் (தாளத்தோட அடுத்த சுத்து) எடுக்கற எடத்துல என் முழங்கால்ல வச்சு ஒரு அழுத்து, அவ்ளோதான், நான் சரியான சரணத்துக்கு வந்துட்டேன். மறுபடி அவங்க தொடைலயே தாளம் போய்ட்டு இருக்கு, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

இப்ப கேள்விக்கு வரேன். பொண்ணுக்கு பதினாலு வயசு, ஆறு வருஷமா சென்னைல இருக்கற டீச்சர்கிட்ட ஜூம்ல கத்துக்கறா. நாட்டை, ஆரபி, ஸ்ரீ மூணும் வரும். கௌளை பாதி. வராளி டீச்சர் சொல்லித் தரமாட்டேன்னுட்டாங்க, "கேட்டே வரட்டும்மா"ன்னு முடிச்சிட்டாங்க. என் கவலை பாட்டு தெரியாதது இல்ல, ஜூம்ல ரெண்டு பேரும் சேந்து பாட முடியாது இல்லையா, சத்தம் முன்ன பின்ன வரும், அதனால டீச்சர் பாடுவாங்க, இவ மியூட்ல இருப்பா, அப்பறம் இவ பாடுவா அவங்க கேப்பாங்க. யோசிச்சு பாத்தா இந்த பொண்ணு இன்னொரு குரலோட சேந்து ஒரு வரி கூட பாடினதில்ல. அவ்வளவு பெரிய கூட்டத்துல கொண்டு போய் உக்கார வச்சா என்ன ஆகும்? உங்க அனுபவம் சொல்லுங்களேன், பழைய கதையா இருந்தாலும் பரவால்ல, பழைய கதைன்னா இன்னும் நல்லது.


ஒருமணிலேட்:

அக்கா எங்க கதைய கேட்டா உங்க பொண்ணுக்கு தைரியம் வந்துரும்.

நாங்க நாலு பேச்சிலர்ஸ், சிகாகோ பக்கம், ஒரு பழைய கொரோலா. கிளீவ்லாண்ட் கிட்டத்தட்ட 350 மைல், அஞ்சரை மணி நேரம், ராத்திரி மூணு மணிக்கு கெளம்பினா காலைல எட்டரைக்கு போயிரலாம்னு கணக்கு போட்டு, வழில புளியோதரை, தோடி, சண்டை எல்லாம் முடிச்சு, இந்தியானா தாண்டி ஒஹையோ டோல் ரோட்ல ஜம்முனு போயிட்டு இருக்கோம். கரெக்டா எட்டரைக்கு போயும் சேந்தோம். ஆனா அங்க ஒன்பதரை! சிகாகோவுக்கும் கிளீவ்லாண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் காணாம போகும்னு நாலு இஞ்சினியர்ல ஒருத்தனுக்கும் தோணல. கதவைத் திறந்தா ஆரபி போயிட்டு இருக்கு, அதுவும் சரியா எந்த வரின்னு நெனைக்கறீங்க, "சமயானிகி தகு மாடலாடெனெ". சமயத்துக்கு தகுந்த மாதிரி பேசறவன்னு கண்ணனைத்தான் வையறார் தியாகராஜர், ஆனா எங்களைத்தான் மொத்த ஹாலும் வையற மாதிரி இருந்துச்சு, ஏன்னா ஒவ்வொரு சரணம் முடிஞ்சும் அதே வரி திரும்ப வருமே, நாங்க கோட்டை கழட்டி எடம் தேடி உக்காரறதுக்குள்ள மூணு தடவை வந்துருச்சு.

ஆனா நீங்க கேக்கற மாதிரி விஷயம் ஹால்ல நடந்தது இல்ல, ஹோட்டல் லாபில. ராத்திரி ஒரு மணி இருக்கும், தூக்கம் வரல, எங்க கூட வந்தவன் ஒருத்தன் (பேர் வேணாம், இப்ப பெரிய மேனேஜர்) மெதுவா தோடி ராகம் இழுத்துட்டு இருக்கான். அன்னைக்கு மேடைல வாசிச்ச வயலின் வித்வான் ஒருத்தர் வேட்டி மேல ஜாக்கெட் போட்டுட்டு பேப்பர் கப்ல டீயோட அந்த பக்கமா வந்தார். நின்னார். "தம்பி, அந்த காந்தாரத்தை நேரா போய் புடிக்காதீங்க, ரிஷபத்துக்கிட்ட இருந்து அசைச்சு எடுங்க"ன்னார். இவன் எடுத்தான். "இன்னும்". எடுத்தான். "இன்னும்". டீ ஆறிப்போச்சு, மணி ரெண்டரை ஆயிருச்சு, அவர் சோபால உக்காந்துட்டார், ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு எதிர்ல வந்து நின்னுட்டா. நாங்க யாருன்னு அவர் கேக்கவே இல்ல. மறுநாள் பாத்து வணக்கம் சொன்னப்ப மட்டும் "காந்தாரம் வந்துதா?"ன்னார். அவன் இருபது வருஷமா அந்த ஒரு காந்தாரத்தைத்தான் எடுத்துட்டு இருக்கான், இன்னும் வரல.


தொப்பிரவை:

மிருதங்கக்காரன் வந்துட்டேன். மேடம், பொண்ணுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லி வைங்க, அஞ்சு கிருதியுமே ஆதி தாளம். சாகித்யம் (பாட்டு வரி) தெரியாத எடத்துல வாய மூடிட்டு கை மட்டும் போடட்டும், எட்டு எண்ண தெரிஞ்சா யாரும் வெளிய இல்ல. நான் அப்படித்தான் பல வருஷம் ஓட்டினேன், பாட்டு தெரியாது, தாளம் தெரியும்.

கிளீவ்லாண்ட்ல மிருதங்கக்காரங்களுக்கு கொஞ்சம் கர்வம் உண்டு, ஏன்னா 1978ல அது ஆரம்பிக்கறதுக்கு தூண்டுகோலே மிருதங்க வித்வான் ராம்நாட் ராகவன்தான், பாடகர் ராம்நாட் கிருஷ்ணனோட தம்பி. சர்ச் பேஸ்மென்ட்ல ஒரு சின்ன கூட்டமா ஆரம்பிச்சது அது, அப்பறம்தான் யுனிவர்சிட்டி ஹாலுக்கு போய் பல நாள் உற்சவமா ஆச்சு. திதி பாத்து புஷ்ய பகுள பஞ்சமில (தியாகராஜர் சமாதியான நாள்) வைக்கணும்னா ஜனவரி பனில யாரு வருவா, அதான் ஈஸ்டர். ஈஸ்டர்லயும் ஏரிக்காத்து சில வருஷம் பனிய கொண்டு வந்து கொட்டிரும் அது வேற.

என் கதை இது. நான் அங்க வாலண்டியர், சாப்பாட்டு பக்கம் தட்டு அடுக்கற வேலை. ஒரு பெரிய வித்வானோட சிஷ்யன் பதறி அடிச்சுட்டு ஓடி வரான், "அண்ணா ரவை இருக்கா ரவை?". தெரியாதவங்களுக்கு சொல்றேன், மிருதங்கத்துல இடது பக்கம் தொப்பி, அதுல நடுவுல ரவைய தண்ணி விட்டு பிசைஞ்சு ஒட்டினாத்தான் அந்த கும்கி (ஆழமா வர்ற கும்னு சத்தம்) வரும், இல்லன்னா அட்டைப்பெட்டிய தட்டின மாதிரி இருக்கும். கச்சேரி முடிஞ்சதும் சுரண்டி எடுத்துரணும், காஞ்சா தோலுக்கு கெடுதல். ஊர்ல இருந்து எல்லாம் கொண்டு வந்தவங்க ரவை பொட்டலத்தை மட்டும் ரூம்லயே விட்டுட்டாங்க. நான் உள்ள ஓடினேன், மறுநாள் உப்புமாவுக்கு வறுத்து வச்ச ரவைதான் இருக்கு. வறுத்த ரவை சரியா ஒட்டாதுங்க! மாமி ஒருத்தங்க மூட்டைல அடியில கைய விட்டு வறுக்காத ரவை ரெண்டு பிடி எடுத்து என் கைல கொட்டினாங்க. அதை அப்படியே கைலயே ஏந்திட்டு மேடைக்கு பின்னாடி போனேன், அவர் வாங்கி ஒரு சொட்டு தண்ணி விட்டு உள்ளங்கைல உருட்டி உருட்டி, பிச்சு, ஒட்டி, ஒரு தட்டு தட்டி காதை சாச்சு கேட்டு, கொஞ்சம் கிள்ளி எடுத்து, மறுபடி தட்டி... அந்த ரூம் ஹீட்டர் காத்துக்கு வலந்தலை (வலது பக்கம்) தோல் இறுகி சுருதி ஏறி நிக்குது, அதை வேற கல்லால தட்டி தட்டி எறக்கறார். பத்து நிமிஷம் நான் நின்னு பாத்தேன். மேடைக்கு போறப்ப சொன்னார், "ரவை நல்ல ரவை". அன்னைக்கு தனி ஆவர்த்தனத்துல (மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கற எடம்) ஒவ்வொரு கும்கிக்கும் நானும் மாமியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிச்சுக்கிட்டோம், எங்க ரவையாக்கும்.


சுருதிப்பெட்டி:

எல்லாரும் உருகறீங்க, நான் கொஞ்சம் உண்மைய சொல்லட்டுமா. எங்க ஊர் (எந்த ஊர்னு சொல்லமாட்டேன்) ஆராதனை ஒரு ஸ்கூல் ஜிம்ல. ஆம்பளைங்க ஒண்ணரை கட்டை, பொம்பளைங்க அஞ்சு கட்டை, ரெண்டு மீட்டிங் போட்டு கடைசில மூணு கட்டைன்னு முடிவு பண்ணாங்க, யாருக்குமே ஒத்து வராத சுருதி. மேல போற எடத்துல ஆம்பளைங்க கத்தறாங்க, கீழ வர எடத்துல பொம்பளைங்க குரலே கேக்கல. அதுக்கு மேல பாடாந்தரம், எங்க டீச்சர் அப்படி சொல்லித் தரல எங்க டீச்சர் இப்படித்தான்னு. நாட்டை, ஆரபிக்கு ஜிம்மே அதிரும். கௌளை வந்தா பாதி பேர் புஸ்தகத்தை பாப்பாங்க, வராளி வந்தா முன் வரிசை ஆறு பேரோட குரல் மட்டும் கேக்கும், மத்தவங்க கண்ண மூடி பக்தில இருக்கற மாதிரி நடிப்பாங்க. ஸ்ரீ வந்ததும் எல்லாருக்கும் உயிர் வந்துரும். இதை சங்கீதம்னு சொல்ல எனக்கு மனசு வரலைங்க.

(ஆனா வருஷா வருஷம் போறேன். கேக்காதீங்க.)


திருமஞ்சனவீதி:

தம்பி சுருதிப்பெட்டி, வராளிக்கு குரல் அடங்கறது உங்க ஜிம்ல மட்டும் இல்ல, எங்க ஊர்லயும் அப்படித்தான். வராளிய நேரா சொல்லிக்கொடுத்தா குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஆகாம போயிரும்னு ஒரு நம்பிக்கை, அதனால பாதி பேர் அதை ரேடியோவுலயும் பந்தல்லயும் கேட்டு கேட்டு புடிச்சதுதான். அம்மா, உங்க பொண்ணோட டீச்சர் சொன்னது இதான், கோச்சுக்காதீங்க.

நான் திருவையாத்துக்காரன். பாட தெரியாது. எங்கப்பாவும் பாடமாட்டார், ஆனா ஆராதனை அஞ்சு நாளும் எங்க வீட்டு திண்ணைல ஆள் படுத்திருக்கும், யாருன்னே தெரியாது, தம்புரா மட்டும் உள்ள கூடத்துல பத்திரமா இருக்கும். பஞ்சமி அன்னைக்கு காலைல தியாகராஜர் இருந்த வீட்ல இருந்து உஞ்சவிருத்தி (பாடிட்டே வீதில பிச்சை வாங்கிட்டு போறது) கெளம்பும், அப்பறம் நாகஸ்வரம், அப்பறம் சமாதி முன்னாடி ரெண்டு பக்கமும் எதிரெதிரா உக்காந்து, புல்லாங்குழல்ல பைரவி "சேதுலார" முடிஞ்சதும் நாட்டை ஆரம்பிக்கும். பல வருஷம் வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன் ஆராதனை சபா செயலாளரா இருந்தார், நெத்தி நெறைய விபூதியோட அவர் வயலினை வச்சு கண்ணாலயே அத்தனை பேரையும் மேய்ப்பார். மேடைக்கு வரவங்க யாருக்கும் சன்மானம் கிடையாது, பெரிய ஆளுக்கும் கொஞ்ச நேரம்தான். காலேஜ் பசங்க பாடிட்டு எறங்கற அதே படில அடுத்து ரேடியோல கேட்ட ஆள் ஏறுவார், சின்ன வயசுல எனக்கு அது பெரிய விஷயமாவே தெரியல, எல்லா ஊர்லயும் இப்படித்தான் போலன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். இன்னைக்கு உங்க பொண்ணும் அந்த ஸ்வெட்டர் போட்ட அம்மாவும் ஈசியா உக்காந்து பாடறீங்க இல்ல, இங்க ரொம்ப காலம் பொம்பளைங்களை பாட விடல. ஆராதனை நடத்தறதுல பெரிய கட்சி சின்ன கட்சின்னு ரெண்டு. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மா தன் சொத்தை போட்டு சமாதிய எடுத்து கட்டி, அவங்களையே பாட விடாததால தனியா பின்பக்கமா ஆராதனை நடத்தினாங்க. 1940 வாக்குலதான் எல்லாம் ஒண்ணா சேந்து, இந்த சேந்து பாடற வழக்கமும் வந்தது. 1952ல அம்மா போயிட்டாங்க, அவங்க சிலை அங்கயே இருக்கு, தியாகராஜர் சன்னதிய பாத்து கும்புட்ட மாதிரி. ஊருக்கு வந்தா ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க. அப்படியே அசோகா அல்வா சூடா சாப்புடுங்க, பாசிப்பருப்புல பண்றது, கட்டி வாங்கிட்டு போய் மறுநாள் சாப்பிட்டா அது வேற பண்டம்.


வராளிபயம்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு நெனைக்கல. திருமஞ்சனவீதி ஐயா, நாகரத்தினம்மா பத்தி எழுதினதை பொண்ணுக்கு படிச்சு காட்டினேன் (அவளுக்கு தமிழ் படிக்க வராது), "பின்னாடி உக்காந்து பாடினாங்களா, அவங்க கட்டின எடத்துலயேவா?"ன்னு ரெண்டு தடவை கேட்டா.

நேத்து ராத்திரி ஒரு பரீட்சை பண்ணி பாத்தோம். நான் பாத்திரம் தேய்ச்சுட்டே ஸ்ரீ ஆரம்பிச்சேன், அவ கூட சேந்துக்கிட்டா. மொத ரெண்டு வரி நான் பாடினா அவ நிறுத்திடறா, மியூட்ல இருக்கற பழக்கம். "நிறுத்தாத, மேல ஏறி வா"ன்னேன். மூணாவது சரணத்துக்கு அப்பறம் வந்துட்டா, நான்தான் எட்டாவதுல மறந்து முழிச்சேன். ஈரக்கைய புடிச்சு சோப்பு நுரையோட என் மணிக்கட்டுல தாளம் போட்டா.

ஒருமணிலேட் தம்பி, நாங்க டெட்ராய்ட் பக்கம், எங்களுக்கு நேரம் மாறாது இல்ல? சும்மா ஒரு தடவை உறுதி பண்ணிக்கறேன்.


ஒருமணிலேட்:

மாறாதுக்கா. இருந்தாலும் ஒரு மணி நேரம் முன்னாடி கெளம்புங்க, பார்க்கிங் இருக்கு.