முட்டையைத் தேடாமல் ராணி அறையில் கை வைக்காதீர்கள்

பினாங்கு பாலிக் புலாவில் மாமனார் தோட்டத்தில், ரம்புத்தானுக்கும் ஜாதிக்காய் மரத்துக்கும் நடுவே நான்கு தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் பொந்துத் தேனீதான்.

போன வருடம் ஒரு பெட்டியைத் திறந்தால் மெழுகு அடையின் கீழ் ஓரத்தில் வேர்க்கடலை மாதிரி ஏழு ராணி அறைகள், அதாவது புது ராணியை வளர்க்கத் தேனீக்கள் கட்டும் அறைகள், தொங்குகின்றன. கூட்டம் பிரிந்து ஓடிவிடுமே என்ற பதற்றத்தில் ஏழையும் கிள்ளி எறிந்தேன். தேனீ குறைவாகத்தான் தெரிந்தது, மேய்ச்சலுக்குப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு ஏற்கெனவே போய்விட்டது. ஒரு அறையின் நுனியில் மெழுகு சுரண்டப்பட்டுப் பழுப்பு நிறம் தெரிந்ததே, அது ராணி வெளியே வரப்போகும் அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது. பெட்டியில் முட்டையும் இல்லை, ராணியாக வளர்க்கச் சின்னப் புழுவும் இல்லை. சில வாரத்தில் ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை, பணித் தேனீக்கள் இட்டவை. அதிலிருந்து ஆண் தேனீ மட்டும்தான் வரும். கண் முன்னால் அந்தப் பெட்டி அழிந்தது, இன்னும் மனது ஆறவில்லை.

இந்த வருடம் வேறொரு பெட்டியில் அடையின் நடுவிலேயே மூன்று ராணி அறைகள். கை பரபரத்தது, ஆனால் பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) பல வருடமாகத் தேனீ வளர்க்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். "தம்பி, உடைக்காதீங்க, முதல்ல முட்டை இருக்கான்னு பாருங்க" என்றார். ஒன்றுகூட இல்லை. முந்தின வாரம் அடை தாங்கும் மரச் சட்டத்தைத் திரும்ப வைக்கும்போது ராணியை நானே நசுக்கியிருக்க வேண்டும். நடுவில் கட்டினால் பெரும்பாலும் ராணியை இழந்த அவசரம், கீழ் ஓரத்தில் வரிசையாகக் கட்டினால் பிரியும் எண்ணம் என்றார். மூன்று வாரம் பெட்டியைத் தொடவில்லை. அப்புறம் திறந்தால் அறைக்கு ஒரு முட்டை, சீராக. அன்றைக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

கீழ் ஓரத்தில் அறைகளும் இருந்து முட்டையும் இருந்தால் இப்போது நான் உடைப்பதில்லை, பழைய ராணியை இரண்டு மூன்று அடையோடும் தேனீக்களோடும் புதுப் பெட்டிக்கு மாற்றி, பழைய பெட்டியில் நல்ல அறை ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைக்கிறேன்.

முட்டை கண்ணில் படவில்லை என்பவர்கள், வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அறையின் அடிவரை விழும்படி நின்று பாருங்கள். புது அடையை மட்டும் படுக்கவைத்துத் திருப்பாதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் ஒடிந்து விழும். அறைக்கு ஒன்றாக முட்டை செங்குத்தாக நின்றால் பெரும்பாலும் அண்மையில் இட்டதாக இருக்கும், ராணி உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம்.