கைப்பிடி உதறல்: கோன் செட்டா, டயரா?

மலைப்பாதை:
என் வண்டி கம்பிச் சக்கரம் போட்ட 350 சிசி. முன் டயர் 90/90, 19 அங்குலம். 70 வரை அமைதியாகப் போகிறது. ஆக்சிலரேட்டரை மூடியதும், வேகம் 60-ஐ நெருங்கும்போது கைப்பிடி இடமும் வலமுமாக உதறுகிறது. பிடியைத் தளர்த்தினால் உதறல் கூடுகிறது. 50-க்குக் கீழே தானாக நின்றுவிடுகிறது. பட்டறையில் வண்டியைத் தொட்டும் பார்க்காமல், "கோன் செட் போய்விட்டது" என்கிறார்கள். கைப்பிடி திரும்பும் கழுத்துப் பகுதியில் இருக்கும் பேரிங்கைத்தான் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பழைய ஸ்பேனர்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி வாங்குவது அதுதான். சக்கரம் பெரும்பாலும் நேராகவே நிற்பதால் குண்டுகள் ஒரே இடத்தில் இடித்துக் கிண்ணத்தில் குழி பறித்துவிடும். மாற்றுங்கள். மாற்றும்போது குண்டு வகையை விட்டுவிட்டு டேப்பர் ரோலர் (கூம்பு உருளை வைத்த பேரிங்) போடுங்கள். சுமை புள்ளியில் விழாமல் கோடாகப் பரவும், நெடுநாள் உழைக்கும்.

கணக்குப்பிள்ளை:
குழி விழுந்த கோன் செட்டுக்கு வேகம் 60-தான் என்று எப்படித் தெரியும்? இந்த டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 8 முறை சுழலும். கைப்பிடி, ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரு கால்கள்), முன் சக்கரம் சேர்ந்த பகுதி உதறும்போதும் பொதுவாக நொடிக்கு 4 முதல் 10 முறைதான் உதறும். டயர் சீரற்றுத் தேய்ந்திருந்தாலோ, ரிம் கோணியிருந்தாலோ, எடை சமன் இல்லாவிட்டாலோ ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு விழுகிறது. இரண்டு எண்ணிக்கையும் பொருந்தும் வேகத்தில் கைப்பிடி ஆடுகிறது. வேகம் மாறினால் அடங்குகிறது. ஆக்சிலரேட்டரை மூடும்போது முன் டயர் மீது பாரம் கூடுவதால் அப்போது நன்றாகத் தெரிகிறது.

பழைய ஸ்பேனர்:
கணக்கு அழகாக இருக்கிறது. நான் கோன் செட் மாற்றிக் கொடுத்த வண்டிகளில் ஆட்டம் நின்றதே, அதற்கு என்ன கணக்கு?

கணக்குப்பிள்ளை:
அதற்கும் உண்டு ஐயா. புது பேரிங்கை இறுக்கிப் போடும்போது உராய்வு கூடுகிறது. அந்த உராய்வு ஆட்டத்தை அமுக்குகிறது. தட்டுகிற காரணம் அப்படியே இருக்கிறது. ரோலர் பழகித் தளர்ந்ததும் திரும்பி வரும். மேலும் இறுக்கினால் வண்டி குறைந்த வேகத்தில் நேராகப் போகாமல் பாம்பாக நெளியும். அதையும் பார்த்திருப்பீர்களே?

பின்னிருக்கை:
இருவரும் முன்பக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் பெட்டி ஏதும் மாட்டியிருக்கிறீர்களா? பின் அச்சுக்கு அப்பால் எடை தொங்கினால் முன்பக்கம் இலேசாகிவிடும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் கீலிலுள்ள புஷ்ஷையும் பாருங்கள்.

மலைப்பாதை:
பெட்டி இல்லை. புஷ் பார்க்கிறேன். கைப்பிடி ஆட்டத்தை அமுக்கும் ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் தீருமா?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் போர்வை போர்த்துவது போல ஆகும்.

பழைய ஸ்பேனர்:
இதில் மட்டும் அவரோடு ஒத்துப்போகிறேன். தம்பி, என் பேச்சும் வேண்டாம், அவர் பேச்சும் வேண்டாம், வண்டியைக் கேளுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்குங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். தலைப்பகுதியில் 'டக்' என்று விரலுக்குத் தெரிந்தால் கோன் தளர்வு. கைப்பிடியை மெல்லத் திருப்புங்கள். நடுவில் சிக்கி நின்றால் குழி. பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அது சக்கர பேரிங்குக்கு. இந்த ஆட்டத்தைச் சாலையில் கையை விட்டுச் சோதிக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
அப்படியே ஃபோர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி ரிம்முக்கு நெருக்கமாக வைத்துச் சுழற்றுங்கள். பக்கவாட்டில் 2 மி.மீ.க்கு மேல் விலகினால் கோட்டம் எடுக்க வேண்டும். கம்பிகளை ஸ்பேனரால் தட்டுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. டயரின் பொத்தான்களை, அதாவது மேற்பரப்பில் துருத்தும் ரப்பர் கட்டிகளை, உள்ளங்கையால் இரு திசையிலும் தடவுங்கள். காற்று குளிர்ந்த டயரில் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலைப்பாதை:
பார்த்துவிட்டேன். 'டக்' இல்லை. நடுவில் மிக இலேசான சிக்கல் தெரிகிறது. ஸ்விங் ஆர்மில் ஆட்டமில்லை. ரிம் விலகல் 1 மி.மீ. அளவுதான், கம்பிகள் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஆனால் டயர் பொத்தான்கள் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகவும் இருக்கின்றன.

கணக்குப்பிள்ளை:
டயர்தான்.

பழைய ஸ்பேனர்:
நடுவில் சிக்குகிறது என்று எழுதியிருக்கிறார், அதைப் படிக்கவில்லையா? இரண்டையும் ஒன்றாக மாற்றச் சொல்வேன். சக்கரத்தை எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள், கூலி ஒரு முறையோடு போகும்.

கணக்குப்பிள்ளை:
ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் கோன் செட் என்பீர்கள், நான் டயர் என்பேன். முதலில் டயர், எடைச் சமன். அதே சாலையில் டயரில் அதே காற்றழுத்தத்தோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கோன்.

பழைய ஸ்பேனர்:
இரண்டாவது கூலியை நீங்கள் அனுப்பிவைப்பதாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.