பட்டோடியை எதைக் கொண்டு மதிப்பிடுவது: சராசரி 34.91, தலைமையேற்ற 40 டெஸ்டில் 9 வெற்றி

கேள்வி:

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகனுக்கும் எனக்கும் சென்ற வாரம் ஒரு விவாதம் நடந்தது. இந்தியாவின் தலைசிறந்த அணித்தலைவர்களைப் பற்றிப் பேசும்போது மன்சூர் அலி கான் பட்டோடியின் பெயரை நான் முதலில் சொன்னேன். அவன் உடனே கைப்பேசியில் தேடி, 46 டெஸ்டில் 2793 ஓட்டங்கள், 6 சதங்கள், சராசரி 34.91, தலைமையேற்ற 40 போட்டிகளில் 9 வெற்றி, 19 தோல்வி, 12 டிரா என்று படித்துக் காட்டி, "மாமா, இதில் பெரிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவரைப் பற்றிய பெருமிதம் என் தந்தையிடமிருந்து வந்தது. அதற்கான காரணத்தை நானாகத் தேடிப் பார்த்ததில்லை. விவரம் அறிந்தவர்கள் அவனும் ஏற்கும்படி விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1:

ஐயா, எனக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. 1962 ஜனவரியில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் அவர் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்த நாளில், என் தந்தையார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சிறுவன் நான். அது அவருடைய மூன்றாவது டெஸ்ட், முதல் சதம். தொப்பியின் முனையை வலக்கண்ணின் மேல் இறக்கிவிட்டுக்கொண்டு அவர் நின்ற கோலமும், தடுப்பாளர்களின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்த துணிச்சலும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. "அந்தப் பிள்ளைக்கு ஒரு கண்தானடா தெரியும்" என்று தந்தையார் என் காதருகே சொன்னபோது, நான் நம்பவில்லை. சலீம் துரானி இரண்டு இன்னிங்சிலும் சேர்த்துப் பத்து விக்கெட் எடுத்த அந்தப் போட்டியில் வென்று, 2-0 என்ற கணக்கில் இங்கிலாந்தை ஒரு தொடரில் முதன்முறையாக இந்தியா வீழ்த்தியது.

இரண்டே மாதத்தில், மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில், பார்படாஸ் அணியுடனான ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய அணித்தலைவர் நரி கான்ட்ராக்டரின் மண்டையைத் தாக்கி, அவர் உயிருக்குப் போராட வேண்டியதாயிற்று. அந்த நிலையில் தலைமை பட்டோடியின் தோளில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 21 ஆண்டு 77 நாள். உலகின் மிக இளைய டெஸ்ட் அணித்தலைவர் என்ற அந்தச் சாதனை, 2004இல் ஜிம்பாப்வேயின் டடெண்டா டைபு வரும்வரை நின்றது. மருமகப்பிள்ளை தம்மைவிட நான்கைந்து வயது மூத்த ஒருவரை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

மறுமொழி 2:

நான் கண் மருத்துவமனை ஒன்றில் பார்வைப் பரிசோதகராகப் பணிபுரிகிறேன். ஆகவே அந்தக் கண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1961 ஜூலை 1 அன்று, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணிக்குத் தலைவராக இருந்த இருபது வயதில், இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நடந்த கார் விபத்தில் முன்கண்ணாடியின் சில்லு அவருடைய வலக்கண்ணில் தைத்தது. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் அந்தக் கண்ணில் பயன்படத்தக்க பார்வை திரும்பவில்லை. ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், அதே ஆண்டு டிசம்பரில், டெல்லியில் முதல் டெஸ்ட் ஆடினார்.

நம் இரு கண்களும் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால், ஒரே பொருளைச் சற்றே மாறுபட்ட இரண்டு காட்சிகளாகக் காண்கின்றன. மூளை அந்த வேறுபாட்டைக் கொண்டுதான் ஆழத்தைக் கணிக்கிறது. ஒரு கண் போய்விட்டால், உருவம் பெரிதாகிக்கொண்டே வருவதையும் நிழலையும் அசைவையும் வைத்துத் தூரத்தை ஊகிக்கப் பழக வேண்டும். தூரத்தில் இந்த ஊகம் ஓரளவு கைகொடுக்கும். கைக்கெட்டும் தொலைவில்தான் ஏமாற்றிவிடும். சிகரெட்டுக்கு நெருப்பு வைக்கப் போனால் முனை கால் அங்குலம் தவறிப்போனதையும், கூஜாவிலிருந்து ஊற்றிய தண்ணீர் தம்ளரில் விழாமல் மேசையில் கொட்டியதையும் அவரே எழுதியிருக்கிறார். மட்டையில் பந்து படுவதும் அந்தக் கைக்கெட்டும் தொலைவில்தான்.

தொடக்கத்தில் அவர் வலக்கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் அணிந்து ஆடியபோது, ஆறேழு அங்குல இடைவெளியில் இரண்டு பந்துகள் தெரிந்தன. உட்புறம் தெரிந்ததை அடிக்க முயன்றார், பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டு அந்தக் கண்ணை மூடிக்கொண்டே ஆடினார். இன்னொன்றையும் கவனியுங்கள். வலக்கை மட்டையாளர் பந்து வீச்சாளரை நோக்கித் தலையைத் திருப்பினால் ஆஃப் திசை அவருக்கு வலப்புறம் அமைகிறது. அவர் இழந்ததும் அந்தப் பக்கத்துக் கண்ணையே. அப்படிப்பட்டவர் ஆஃப் பக்கத்திலேயே உள்ள கவர் திசையில் நின்று, பாய்ந்து பந்தைப் பிடித்து எறிவதில் நாட்டிலேயே முதல் வரிசையில் இருந்தார் என்பதை, மட்டையடியைவிடப் பெரிய வியப்பாக நான் கருதுகிறேன். 2011 செப்டம்பர் 22 அன்று அவர் மறைந்தபோது, பார்வையுள்ள அந்த ஒற்றைக் கண் தானமாக அளிக்கப்பட்டது.

தங்கள் மருமகன் வலக்கண்ணைக் கட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் ஒரு டென்னிஸ் பந்தை எதிர்கொண்டு பார்க்கலாம். மெதுவாக வீசச் சொல்லுங்கள். கைப்பிடிச்சுவர் ஓரமாக நிற்க வேண்டாம்.

மறுமொழி 3:

மேலே உள்ளவற்றை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கண்ணோடு ஆடினார் என்பதே முழு விடையானால், நாம் அவரை இரக்கத்தோடு மதிப்பிடுகிறோம் என்றாகிவிடும். அணித்தலைவரை அவர் செய்த வேலையைக் கொண்டு எடைபோடுவதே நியாயம். அவர் காலத்தில் இந்தியாவிடம் நல்ல வேகப்பந்து வீச்சாளர் இல்லை. பிரசன்னா, பேடி, சந்திரசேகர், நம் வெங்கட்ராகவன் என்று எங்கள் பலம் சுழற்பந்துதான் என அவர் துணிந்து, 1967இல் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டனில் நால்வரையும் ஒரே டெஸ்டில் இறக்கினார். 1968 பிப்ரவரியில் டனிடனில் இந்தியா வெளிநாட்டு மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்று, அந்த நியூசிலாந்துத் தொடரையே 3-1 என்று வென்றது. பிரசன்னா மட்டும் 24 விக்கெட் எடுத்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் வெளிநாட்டில் ஒரு டெஸ்ட்கூட வெல்லாத அணி அது என்பதை நினைவில் வைத்தால்தான், அந்த 9 வெற்றிகளின் எடை புரியும்.

குறையும் உண்டு. 1974-75இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக மீண்டும் தலைமையேற்றபோது, அவருடைய மட்டை அநேகமாக ஓய்ந்துவிட்டிருந்தது. 0-2 என்று பின்தங்கிய பிறகு கொல்கத்தாவிலும் சென்னையிலும் வென்று 2-2 என்று சமநிலைக்குக் கொண்டுவந்தது அவருடைய தலைமைதான் (கடைசி டெஸ்டில் தோற்றதால் தொடர் 2-3 என்று கைநழுவியது) என்றாலும், ஒரு மட்டையாளராக அந்த அணியில் அவருக்கு இடமிருந்ததா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை மாடியில் முயன்று பார்த்தான். பந்து வருவது தெரிகிறது, மட்டைக்கு வரும் நேரம்தான் தெரியவில்லை என்கிறான். இப்போது வேறொரு கேள்வி: 1971இல் பட்டோடிக்குப் பதிலாகத் தலைமையேற்ற வாடேகர் மேற்கிந்தியத் தீவுகளையும் இங்கிலாந்தையும் அவரவர் மண்ணிலேயே வென்றாரே, அப்படியானால் பட்டோடியை நீக்கியது சரிதானே?

மறுமொழி 3:

தம்பியின் கேள்வி நியாயமானது. தேர்வுக்குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிந்ததால், தலைவர் விஜய் மெர்ச்சன்ட்டின் கூடுதல் வாக்கில்தான் பட்டோடி பதவி இழந்தார். முடிவைக் கொண்டு பார்த்தால் அதைத் தவறென்று சொல்ல இயலாது. வாடேகர் நிதானமானவர், அவருக்குக் கவாஸ்கர் என்ற புதையலும் கிடைத்தது. ஆயினும் அந்த வெற்றிகளில் பங்கேற்ற சுழற்பந்து வீச்சாளர்களும், மட்டைக்கு அருகே நின்று கேட்ச் பிடிக்கும் பழக்கமும் பட்டோடி காலத்திலேயே உருவாகிவிட்டன.

தம்பிக்கு இரண்டு ஸ்கோர் அட்டைகளைக் காட்டுங்கள். ஒன்று, 1967 ஹெடிங்லி: இங்கிலாந்து 550 எடுத்த பின், ஃபாலோ ஆன் (முதல் இன்னிங்சில் மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி) ஆடிய இந்தியா 510 எடுத்தது, இரண்டு இன்னிங்சிலும் அவருடைய கணக்கு 64, 148. மற்றொன்று அதே ஆண்டு இறுதியில் மெல்போர்ன்: தொடைத் தசை பிடித்துக்கொண்டதால் ரன்னரை (தமக்காக ஓடும் ஒருவரை) வைத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் மெக்கன்சியின் வேகத்தில் முன்வரிசை சரிந்த பிறகு இறங்கி, 75, 85. இரண்டிலும் இந்தியா தோற்றது. புள்ளிவிவரத்தில் அவை அந்த 19 தோல்விகளுக்குள்தான் அடங்கியிருக்கின்றன.