படித்துறைக்குப் போகவே தயக்கமா இருக்கு

திருவையாறு மருமகள்:
வயசு 46. மார்புல புத்துநோய்னு இடது மார்பை எடுத்து, கீமோ, கரண்ட் (ரேடியேஷன்) வெச்சது எல்லாம் முடிஞ்சு ஒரு வருஷம் ஆகப்போகுது. இப்ப தினம், நோய் திரும்ப வராம இருக்க டமாக்சிஃபென் 20 மாத்திரை மட்டும்தான். பாக்கறவங்க எல்லாம் "தேறிட்டே, முடிகூட சுருட்டையா வந்திருக்கே"ங்கறாங்க. கீமோ நடந்தப்பல்லாம் ஒரு சொட்டு அழாதவ, இப்ப அரிசி களையும்போது அழறேன்.

கல்லணை தாண்டித் தண்ணி வந்தாச்சு. ஆடிப்பதினெட்டுக்குப் புஷ்ய மண்டபப் படித்துறையில முழுகி மஞ்சள் கயிறு மாத்தணும்னு மாமியார் இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. போன வருஷம் ஆஸ்பத்திரியைச் சாக்கு சொல்லித் தப்பிச்சேன். பாவாடையை மாருக்கு மேல ஏத்திக் கட்டினா இடது பக்கம் பிடிமானம் இல்லாம சரியுது. தாழ் போட்டுக்கிட்டு மூணு தடவை கட்டிப் பார்த்தேன். இதைப் போய் யார்கிட்ட கேக்கறது?

பெயர் வேண்டாம்:
மறுபிறவி கிடைச்சிருக்கு சிஸ்டர், நல்லதையே நினைங்க.

மன்னார்குடி அக்கா:
நல்லதையே நினைச்சா பாவாடை நிக்குமா தம்பி?

தங்கச்சி, எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. வைத்தியம் நடக்கும்போது ஓடிக்கிட்டே இருக்கோம், அழ எங்க நேரம்? ஓட்டம் நின்னதும்தான் வரும். எனக்கும் அப்படித்தான். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்ல, சோறு எறங்கலன்னா டாக்டர்கிட்ட சொல்லிடு. மனசுக்குத் தர்ற மாத்திரையில சிலது டமாக்சிஃபென் வேலையைக் குறைச்சிடும், அதனால பழைய சீட்டையும் கையோட கொண்டு போ.

நான் துணிப்பையில கேழ்வரகு ரொப்பி, உள்பாடிக்குள்ள தையக்காரம்மாகிட்ட பாக்கெட் வெச்சுத் தச்சுக்கிட்டேன். பஞ்சு மேல ஏறிக்கும், கேழ்வரகு கனமா நிக்கும், தோளும் கோணாது. ஒரு தடவை அதோடயே வாய்க்கால்ல முழுகிட்டேன். மூணாம் நாள் முளை விட்டுருச்சு! குளிக்க மட்டும் ஸ்பாஞ்சு வெச்சுக்கோ. அக்குள்ல இருக்கற நெறிக்கட்டியையும் எடுத்திருந்தா அந்தக் கையில முள்ளு, அருவா படாம பாத்துக்க. செவந்து சூடா காய்ச்சல் வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

பாபநாசத்துக்காரர்:
ஆம்பளை நடுவுல பேசறேன், மன்னிக்கணும். என் வீட்டுக்காரி ஆபரேஷனுக்கப்புறம் விளக்கை அணைச்சுட்டுத்தான் புடவை மாத்துவா. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன், அவளுக்குக் கூச்சமா இருக்குமேன்னு. ஒரு நாள் இருட்டுல, "பாக்கவே பிடிக்கலையா?"ன்னு கேட்டுட்டா. எழுந்து விளக்கைப் போட்டேன். உங்க வீட்டுக்காரரும் என்னை மாதிரி மக்கா இருக்கலாம்மா, நீங்களே கேட்டுப் பாருங்க.

திருவையாறு மருமகள்:
கேழ்வரகு முளைச்சதைப் படிச்சு வாய்விட்டுச் சிரிச்சேன். என்னன்னு அவர் கேட்டார், போனைக் கையில குடுத்துட்டேன். முழுசாப் படிச்சார். ஒண்ணும் பேசல. சாயந்தரம் வண்டியை எடுத்துட்டுப் போய், மெத்தைக் கடையில ஸ்பாஞ்சு வாங்கிட்டு வந்து நிக்கறார், தலகாணி அளவுக்கு! எவ்வளவு கனத்துல வெட்டணும்க்கா?