சென்சஸ் ஏட்டில் பாட்டனைத் தேடியவர்கள்: உங்கள் அனுபவம்?

பெருந்துறைக்காரர்:

தம்பி மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் 1921 சென்சஸைக் கணினியில் திறந்து, தன் தாத்தா எந்தத் தெருவில், என்ன தொழில் செய்து வாழ்ந்தார் என்று காட்டினாராம். அன்றிரவே எனக்குப் போன். “பெரியப்பா, நம் அப்பாருவின் (தாத்தாவின்) அப்பாருவையும் இப்படித் தேடிப் பாருங்கள்.”

தேடினேன். 1871, 1881 கணக்கெடுப்பு அறிக்கைகள் கிடைக்கின்றன. கோயம்புத்தூர் ஜில்லாவில் எத்தனை தலை, எத்தனை வீடு, எந்தச் சாதி, எவ்வளவு பேருக்கு எழுத்து தெரியும் என்பதெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. ஆள் பேர் ஒன்றுகூட இல்லை. வீடு வீடாக எழுதிய தாள்களைக் கூட்டல் முடிந்ததும் அழித்துவிட்டார்கள். விடுதலைக்குப் பிறகு எழுதியவற்றையும் 1948ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு யாருக்கும் காட்ட விடாது. பிரிட்டனில் நூறு வருடம் பொறுத்தால் ஏட்டைத் திறந்து காட்டுகிறார்கள். நம் பாட்டன் காலத்து ஏடே இங்கு இல்லை.

தலையை எண்ணியவன் பேரை விட்டாலும் தீர்வை (நிலவரி) வாங்கியவன் விட்டிருப்பானா? நிலத்தின் பக்கம் திரும்பினேன். நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் சர்வே நம்பர், தரம், தீர்வை, பட்டாதாரர் பேர் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தாலுகா ஆபீஸில் எங்கள் ஊர் ஏடு கரையான் தின்றது போக மிச்சம்தான். பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) வேலை 1980இல் ஒழிந்தபோது சில ஊர்களில் கணக்குகள் கர்ணம் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. அந்தக் குடும்பத்தாரிடம் பக்குவமாகப் பேசினால் வேலை நடக்கும். அதிகாரமாகக் கேட்டால் ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

படிக்கும்போது இரண்டு தொல்லைகள். வருடமெல்லாம் பசலியில் (வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில்) இருக்கும், 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. அடுத்தது, நம் பக்கம் மூத்த பேரனுக்கு அப்பாரு பேரையே வைக்கும் வழக்கம். பழனிச்சாமி மகன் நாச்சிமுத்து, நாச்சிமுத்து மகன் பழனிச்சாமி என்று போய்க்கொண்டே இருக்கும். பங்காளி வீட்டிலும் அதே பேர்கள்தான். பேரைப் பிடித்துக்கொண்டு போனால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடுவோம். சர்வே நம்பரை விடாதீர்கள்.

குலதெய்வக் கோயிலில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி நோட்டும் இருக்கும். பங்காளிகளைப் பிரித்தறிய அதைவிட நல்ல ஏடு கிடையாது.

சங்ககிரி வாசகி:

எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சொல்லி வந்தது ஒரே ஒரு வாக்கியம்: “உன் பாட்டனுக்குப் பாட்டன் தாது வருசத்தில் போய்விட்டார்.” அறுபது வருடத்துக்கு ஒருமுறை தாது வரும். 1876ஆ, 1936ஆ? இரண்டுக்கும் நடுவே இரண்டு தலைமுறை கிடக்கிறது.

தீர்த்துவைத்தது டிரங்குப் பெட்டியில் கிடந்த 1883ஆம் வருடத்து மூலப்பத்திரம். “மைனருக்குத் தாயும் கார்டியனுமான” என்று தொடங்கி ஒரு பெண்ணின் பேர் வருகிறது. புருஷன் இறந்து, பிள்ளை சிறுவனாக இருந்ததால்தான் அவள் பேர் காகிதத்தில் ஏறியிருக்கிறது. ஆக, அவர் போனது 1876 தாது வருசப் பஞ்சத்தில். அதற்குப் பிறகு சென்சஸ் அறிக்கையைப் பார்த்தேன். சேலம் ஜில்லாவில் 1871இல் 19 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனம், 1881இல் 16 லட்சத்துக்கும் சற்றுக் கீழே. பத்தே வருடத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்கள் எத்தனை, பிழைக்க வெளியூர் போனவர்கள் எத்தனை என்று அது பிரித்துச் சொல்லவில்லை. அந்தக் கூட்டலில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று உண்டு.

அவளுக்குப் பெண் குழந்தைகளும் இருந்தார்களாம். எந்தப் பத்திரத்திலும் காணோம். பிற்காலத்தில் கிராம முன்சீப் எழுதிய பிறப்பேட்டில்கூடத் தகப்பன் பேரும் “பெண்” என்ற குறிப்பும்தான் கிடைத்தன. குழந்தையின் பேரை எழுதவில்லை.

வால்பாறையிலிருந்து ஒருவர்:

உங்கள் இருவருக்கும் பட்டா இருந்திருக்கிறது, நல்லது. எங்களுக்குச் சர்வே நம்பரும் இல்லை, மூலப்பத்திரமும் இல்லை. தலைக்கட்டு வரி நோட்டிலும் எங்களைச் சேர்த்ததில்லை. கோயில் வாசலையே மிதிக்க விடாதவர்கள் வரி எங்கே வாங்குவார்கள்? என் பாட்டன், தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு மலையேறியவர். எஸ்டேட் செக்ரோலில் (தொழிலாளர் வருகை ஏட்டில்) அவர் பேரும் ஒரு நம்பரும் உண்டு, சொந்த ஊர் இல்லை. கங்காணி எந்தப் பக்கத்து ஆள் என்று கிழவர்களிடம் விசாரித்து, பல்லடம் பக்கம் ஒரு ஊரைப் பிடித்தோம். அங்கே எங்கள் ஜனம் இன்னும் இருக்கிறது. உறவுமுறை சொல்லிக் கேட்டார்கள், பொருந்தியது. காகிதம் எதுவும் இல்லை.

பெருந்துறைக்காரர் சென்சஸை வைகிறார். நான் வையமாட்டேன். அந்த ஜில்லாவில் நிலம் இருந்தவனையும் இல்லாதவனையும் ஒரே கூட்டலில் சேர்த்த ஏடு அதுதான். பேர் இல்லாவிட்டாலும் என் பாட்டனின் அப்பன் அதில் ஒரு தலை. உங்கள் செட்டில்மென்ட் ஏட்டில் அவர் அதுகூட இல்லை.

பெருந்துறைக்காரர்:

சரிதான். நான் அந்தப் பக்கத்திலிருந்து யோசிக்கவில்லை. பல்லடம் பக்கத்து ஊர்ப் பேரை எழுதுங்கள். அங்கே பழைய கர்ணம் வீட்டில் எனக்கு ஆள் உண்டு. பிறப்பு இறப்பு ஏடு மிஞ்சியிருந்தால் அதற்குப் பட்டா தேவையில்லை, சாவுக்கு எல்லாரும்தான் ஏறியிருப்பார்கள்.

கரூர்க்காரன்:

ஒரு தகவல். எங்கள் தாலுகா 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது, பிறகுதான் திருச்சிக்குப் போனது. பழையதைத் திருச்சியில் தேடி அலைய வேண்டாம். இப்போது கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகால் பக்கம் உறவு உள்ளவர்களுக்கும் இதே கதை. அது 1956 வரை கோவையோடு இருந்தது.