மறு: திராட்லிங் என்பதற்குத் தமிழில் என்ன? 'வேகத்தணிப்பு' என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

சூடு போன்ற காரணத்தால் கணினி தன் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்வதை ஆங்கிலத்தில் 'திராட்லிங்' என்கிறோம், அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று கேட்கும் இந்த இழையை நான்கு நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை. நேற்று பக்கத்து வீட்டில் நடந்த ஒன்று என்னை எழுத உட்கார வைத்துவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஆறு வருடப் பழைய மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. அண்ணி அதில்தான் தன் தையல் வகுப்புக் கணக்குகளைப் பார்க்கிறார், மகள் ப்ளஸ் டூ பாடக் காணொளிகளைப் பார்க்கிறாள். சித்திரை பிறந்ததிலிருந்து அது காலையில் ஒழுங்காக ஓடுகிறது, மதியம் இரண்டு மணிக்கு மேல் நத்தையாகிவிடுகிறது. ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். மதர்போர்டு போய்விட்டது, புதுசாக வாங்கிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். காலையில் நன்றாக ஓடி மதியம் படுத்துக்கொள்ளும் கணினியில் மதர்போர்டைச் சந்தேகிப்பதற்கு முன்னால் வெயிலைச் சந்தேகிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மதியம் போய் உட்கார்ந்தேன்.

கணினியின் சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் நுண்செயலியின் (சிபியு) வெப்பநிலை 98 டிகிரி. 3.1 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 0.8-இல் தவழ்கிறது. 'தெர்மல் திராட்லிங்' என்ற வரிக்கு எதிரே சிவப்பில் 'ஆம்'. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, சிவப்பாக் காட்டுது? போச்சா?" என்று கேட்டார். கலைச்சொல் பற்றி நாலு நாளாக மடல் படித்துக்கொண்டிருப்பவன் நான். எனக்கே சட்டென்று வாய் வரவில்லை. பிறகு சொன்னேன்: "பால் பொங்கி வர்றப்ப நீங்க அடுப்பைத் தணிக்கிறீங்கல்ல அண்ணி, அதை இது தனக்குத்தானே செஞ்சுக்குது."

"அப்ப கெட்டுப்போகல" என்றார் அவர், அடுத்த நொடியே.

இந்தச் சொல்லிடம் நான் எதிர்பார்ப்பது அந்த ஒரு நொடியைத்தான். திரையில் செய்தியைப் பார்ப்பவருக்கு இரண்டு விஷயம் விளங்க வேண்டும். ஒன்று, பொறி பழுதாகவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது. இரண்டு, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைக் கவனித்தால் வேகம் திரும்பும். இதுவரை வந்த பரிந்துரைகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன்.

> வெப்ப நெரிப்பு. அகராதிப் பொருளுக்கு நேராக வருகிறது.

அகராதிக்கு நேர்தான், ஆங்கிலத்தில் 'திராட்டில்' என்றால் தொண்டையை நெரிப்பது. ஆனால் தமிழில் நெரிப்பது என்றால் கழுத்தைத்தான். 'நுண்செயலி நெரிக்கப்பட்டது' என்று திரையில் வந்தால் அண்ணி மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருப்பார். ஆங்கிலத்திலும் அந்தச் சொல் எஞ்சினுக்குப் போகும் வழியை அடைத்துத் திறக்கும் உறுப்பின் வழியாகத்தான் கணினிக்கு வந்தது. தொண்டையிலிருந்து நேரே வரவில்லை. நாம் ஏன் தொண்டைக்குத் திரும்ப வேண்டும்?

> மட்டுப்படுத்தல் போதுமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் மட்டுப்படுத்துவது ஒரு மேல்வரம்பு போடுவது. 'லிமிட்' என்று வரும் இடமெல்லாம் ஏற்கெனவே அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. இலங்கை வழக்கில் இன்னும் உறுதியாக. வரம்பு என்பது எப்போதும் நிற்கும் சுவர். திராட்லிங் அப்படியல்ல. சூடு ஏறினால் இறங்குகிறது, சூடு இறங்கினால் ஏறுகிறது, நொடிக்கு நொடி. போதாததற்கு நம் குழுவிலேயே மட்டுறுத்தல் (மாடரேஷன்), மட்டுறுத்தர் (மாடரேட்டர்) என்ற சொற்கள் வேறு புழங்குகின்றன.

> வெப்பச் சுணக்கம். எங்கள் ஊரில் பாட்டி முதல் பேரன் வரை சொல்லும் சொல்.

இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மதுரைப் பக்கமும் 'வேலையில் சுணக்கம்' என்போம். ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியதை மறுபடி வாசியுங்கள். அங்கே 'ஏன் சுணங்கினனீங்கள்' என்றால் ஏன் தாமதம் என்று கேள்வி. அப்படியானால் அது 'லேட்டன்சி'க்கு, அதாவது கேட்டதற்கும் கிடைப்பதற்கும் இடையில் விழும் காலத்துக்கு, அளவெடுத்துத் தைத்த சொல். கடலின் இரு கரையிலும் பொருந்தும். அதை அங்கே வைத்துவிடுவோம் என்பது என் வேண்டுகோள். தவிர, சுணக்கத்தில் ஒரு குறை தொனிக்கிறது. பொறி சோம்பிவிட்டது, தளர்ந்துவிட்டது என்று ஒலிக்கிறது. இங்கே பொறி தெரிந்தே செய்கிறது.

தெரிந்தே செய்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை. 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் ஒரு காணொளி வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் நுண்செயலியின் மேலிருந்த வெப்பம் கடத்தும் உலோகத்தை விசிறியோடு கழற்றிவிட்டார்கள். ஏஎம்டியின் அன்றைய அத்லான் நுண்செயலி சில நொடிகளில் புகைந்து கருகியது. இன்டெலின் பென்டியம் 4-இல் ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு ஊர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. உலோகத்தைத் திருப்பி வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்தது. வேகத்தை இறக்கத் தெரிந்த பொறிக்கும் தெரியாத பொறிக்கும் இருந்த வித்தியாசம் அதுதான். இன்றைய வீட்டுக் கணினிகளில் இந்த ஏற்பாடு உண்டு.

அது இறங்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல்லுக்கு அது தேவைப்படுகிறது. நுண்செயலி உண்ணும் மின்திறன் துடிப்பு வேகத்துக்கு (கிகாஹெர்ட்ஸில் சொல்வது) நேராகவும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேராகவும் கூடுகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு இறக்கி, அதோடு மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு இறக்கினால், 0.9-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 0.729. கொஞ்சம் வேகத்தைக் கொடுத்து கால் பங்குக்கு மேல் சூட்டைத் தவிர்க்கிறது. அண்ணனின் கணினி 0.8-க்கு விழுந்தது அத்தனையும் செய்து பார்த்து முடியாமல் போனதால். விறகடுப்பில் சோறு கொதித்துப் பொங்கும்போது என் ஆச்சி விறகைப் பின்னுக்கு இழுப்பார். அடுப்பை அணைக்க மாட்டார். கொதி அடங்கியதும் விறகு திரும்ப உள்ளே போகும். அதற்கு அவர் சொன்ன சொல் 'தீயைத் தணிச்சு வை'.

ஆகவே என் பரிந்துரை வேகத்தணிப்பு.

தணி என்ற வேருக்குத் தமிழில் ஒரு தனிக்குணம் இருக்கிறது. தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, வெயில் தணிகிறது. எங்கேயும் ஒன்று அழிந்துபோவதில்லை, உக்கிரம் இறங்குகிறது, அவ்வளவுதான். சூரனை வென்ற சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் திருத்தணி என்கிறோம். சினம் தணிந்தாலும் வேல் கையில்தான் இருக்கிறது. இன்னொரு வசதி, தன்வினையும் பிறவினையும் கையோடு கிடைக்கின்றன. 'வேகம் தணிந்தது' என்றால் விளைவு. 'வேகத்தைத் தணித்தது' என்றால் செயல். வேகத்தணிவு, வேகத்தணிப்பு என்று பெயர்ச்சொல்லும் இரண்டாகவே வரும். மொழிபெயர்ப்புக் கோப்பில் உட்காருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

ஏன் சுருக்கமாக 'சூட்டுத்தணிப்பு' கூடாது என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். நானும் முதலில் அங்கேதான் போனேன். ஆனால் அதை வாசிப்பவர் சூட்டைத் தணிப்பது என்று கொள்வார், அதாவது விசிறியின் வேலை என்று. இங்கே தணிவது வேகம், சூடு காரணம். 'வேக' என்ற முன்பகுதியை விட முடியாது.

> தணிப்பு என்பது தணிக்கையோடு குழம்பாதா? வேகத் தணிக்கை என்று யாராவது தட்டிவிட்டால்?

சரியான கவலை. தணிக்கை கணக்குப் பார்ப்பது, படத்தைக் கத்தரிப்பது. அது உருது வழி வந்து சேர்ந்த சொல், இந்த வேரோடு உறவில்லை. உறவில்லை என்பதால் தட்டச்சுப் பிழை நேராமல் போகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வேகத்தணிப்பு' என்று இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதினால் பிழைதிருத்தியில் ஒரே உருப்படியாகச் சேர்த்துவிடலாம், தேடினாலும் சிக்கும். அதனால் சேர்த்தே எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். திராட்லிங் சூட்டால் மட்டும் வருவதில்லை. மடிக்கணினிக்கு அதன் சொந்தச் சார்ஜரை விட்டுவிட்டு குறைந்த வாட்டுள்ள வேறொன்றைச் செருகினால், மின்சாரம் போதாமல் வேகத்தை இறக்கிக்கொள்ளும் மாடல்கள் பல. கைப்பேசி இணையத்தில் அன்றைய தரவு தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடுகிறார்கள். பின்னால் கிடக்கும் தாவல்களின் (டேப்) வேகத்தை உலாவி இறக்குகிறது. இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொல் தேட வேண்டாம். காரணத்தை முன்னால் ஒட்டினால் போதும்: சூட்டு வேகத்தணிப்பு, மின் வேகத்தணிப்பு, தரவு வேகத்தணிப்பு. அந்த முன்சொல்லே எங்கே போய்ச் சரிசெய்வது என்றும் சொல்லிவிடுகிறது. சூடா, விசிறியைப் பார். மின்னா, சார்ஜரைப் பார். தரவா, ரீசார்ஜ் செய். இயற்பியல் பாடநூல்படி 'வெப்பநிலை வேகத்தணிப்பு' என்பதுதான் துல்லியம் என்று ஆசிரியர் ஐயா சொன்னார். கட்டுரைக்கு அது இருக்கட்டும். திரைக்குச் சூடு போதும், கையை வைத்தால் தெரிவது அதுதான்.

நாமாகவே செய்யும் தணிப்பும் உண்டு. விண்டோஸில் மின்திட்ட (பவர் பிளான்) அமைப்புக்குள் நுண்செயலியின் உச்சநிலை 100 விழுக்காடு என்று இருக்கும். அதை 99 ஆக்கினால் பெரும்பாலான கணினிகளில் டர்போ, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் எகிறுவது, நின்றுவிடும். கோடையில் படுக்கையறையில் ஓடும் மடிக்கணினிக்கு இது ஒன்றே நல்ல மாற்றம் தரும். இதை 'விரும்பிய வேகத்தணிப்பு' என்று நான் என் குறிப்புகளில் எழுதிக்கொள்கிறேன். வேகத்தை விட்டுவிட்டு மின்னழுத்தத்தை மட்டும் கொஞ்சம் இறக்கிப் பார்க்கும் 'அண்டர்வோல்டிங்'குக்கு 'அழுத்தத்தணிப்பு' என்று அதே வேரில் போகலாம்.

அண்ணன் வீட்டுக் கணினி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றினோம். மேலிருந்து பார்த்தால் விசிறி சுமாராகத்தான் இருந்தது. நான்கு பிடிகளையும் திருகி விசிறியைத் தூக்கியதும்தான் தெரிந்தது, அதற்கு அடியில் அலுமினியத் தகடுகளுக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுத் துணியே நெய்து கிடந்தது. தையல் நூலின் தும்பும் தூசியும் சேர்ந்து. ஒரு முழுத் துண்டாக உரித்தெடுத்தேன். அண்ணி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. விசிறி இறக்கைக்குள் ஈர்க்குச்சியைச் செருகி அது சுற்றாமல் நிறுத்திவிட்டு ஊதுகுழாயால் ஊதினோம். சும்மா விட்டு ஊதினால் தறிகெட்டுச் சுற்றி அச்சு தேய்ந்துவிடும். நுண்செயலியின் மேல் வெப்பம் கடத்தப் பூசியிருந்த பூச்சு காய்ந்த சுண்ணாம்பாக இருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து மூடினோம். அதே மதியம், அதே காணொளி: 74 டிகிரி, 3.1 கிகாஹெர்ட்ஸ், சிவப்பு இல்லை. புதுக் கணினிக்கு எடுத்து வைத்திருந்த பணம் அண்ணனிடமே இருக்கிறது.

(அந்தப் பூச்சுக்கு 'வெப்பப்பசை' என்று போன மாதம் முடிவானதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பசை என்றதும் அண்ணன் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்படி நிறையப் பூசச் சொன்னார். அது ஒட்டுவதற்கு இல்லை, இடையில் இருக்கும் காற்றை விரட்டுவதற்கு. 'வெப்பக்களிம்பு' என்றால் எவ்வளவு தடவ வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. தனி இழை தொடங்குகிறேன்.)

கோப்பில் போடுவதற்கு என் வரைவுகள் இவை. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் பதிவில் வரும் இரண்டு வரிகளுக்கு ('கோர்' என்பதை உள்ளகம் என்கிறேன்): 'உள்ளகத்தின் வெப்பநிலை வரம்பைத் தாண்டியது, வேகம் தணிக்கப்பட்டது' என்று ஒன்று, 'வெப்பநிலையும் வேகமும் இயல்புக்குத் திரும்பின' என்று மற்றது. இன்டெல் சிப்புகளில் வேகம் எத்தனை முறை இறங்கியது என்று ஒவ்வொரு உள்ளகத்துக்கும் கெர்னல் எண்ணி வைக்கிறது. அதற்குத் 'தணிப்பு எண்ணிக்கை'. பயனருக்கு நேரே காட்டும் அறிவிப்பில் பெயர்ச்சொல்லே வேண்டாம், 'சூடு மிகுந்ததால் நுண்செயலி தன் வேகத்தைத் தணித்துள்ளது. காற்றுத் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்' என்று வாக்கியமாகவே எழுதலாம். இங்கே 'செயலி' என்று மட்டும் விட்டுவிட வேண்டாம். கைப்பேசியில் ஆப்புக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஏதோ ஓர் ஆப் மெதுவாகிவிட்டது என்று நினைத்து அதை நீக்கப் போவார்கள்.

எனக்கு விடை தெரியாதது ஒன்றுதான். தணித்ததைத் திரும்ப ஏற்றும் செயலுக்கு என்ன பெயர்? 'வேக மீட்பு' என்று எழுதிப் பார்த்தேன். மீட்பு, தொலைந்த கோப்பை மீட்பதற்குப் போய்விட்டது. ஆச்சி விறகைத் திரும்ப உள்ளே தள்ளும்போது ஏதோ ஒரு சொல் சொல்வார், எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. உங்கள் வீட்டில் விறகடுப்பில் சமைத்தவர்கள் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டு எழுதுங்கள். திங்கட்கிழமை கோப்பை அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து